அண்டார்டிகா கப்பலுக்கு வாட்டர்ப்ரூஃப் உடை: 46,800 ரூபாய் போச்சு, நீங்களும் விட்டுடாதீங்க

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் அண்டார்டிகா கப்பலுக்குப் புக் பண்ணியிருக்கவங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் யாருக்கும் பணம் அனுப்புங்க. அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் ஜாக்கெட், பேன்ட் ரெண்டு செட். 46,800 ரூபாய். பார்சல் வந்து நாலு நாள்தான் ஆகுது.

விற்றது, குளிர்தேச உடைகளைச் சுத்தம் பண்ணி மறுபடி விற்கிற ஒரு ஆன்லைன் பக்கம். "20,000 மில்லிமீட்டர் ரேட்டிங்ணே, தையல் பூரா டேப் ஒட்டினது, சுத்தம் பண்ணின சர்டிஃபிகேட்டோட வரும், கப்பல்ல அப்படியே காட்டலாம்." இவ்வளவு சொல்லியும் தயக்கம் இருந்தது. உடனே கடைக்காரர் வீடியோ காலில் வந்தார். பேன்ட்டை மேசையில் விரிச்சு ஒரு டம்ளர் தண்ணியை ஊத்தினார். தாமரை இலையில் ஓடுற மாதிரி முத்து முத்தா உருண்டு ஓடிச்சு. "ஒரு சொட்டு நிக்குதா பாருங்கண்ணே." அந்த நிமிஷத்தில்தான் 46,800 கை மாறிச்சு.

பித்தலாட்டமே அதில்தான் இருக்கு. தண்ணி உருண்டு ஓடுறது துணியின் வெளிப்பக்கப் பூச்சோட வேலை. ஸ்ப்ரே வாங்கி அடிச்சா சாதா நைலான் துணியிலும் அப்படித்தான் ஓடும். தண்ணியை உண்மையில் நிறுத்துறது உள்ளே இருக்கிற சவ்வும், ஊசி போன ஓட்டைகளை மூடுற டேப்பும். 20,000 மில்லிமீட்டர்னா 20 மீட்டர் உயரத் தண்ணியோட அழுத்தத்தைத் துணி தாங்கணும்னு அர்த்தம். டம்ளர் தண்ணி அதில் எதையும் காட்டாது. அர்ஜென்டினாவோட தென்கோடித் துறைமுகம் உஷுவாயாவில் ஏறி, அண்டார்டிகாவுக்கு இடையில் இருக்கிற டிரேக் கடலைத் தாண்டினதும், கப்பலிலிருந்து கரைக்கு ஸோடியாக் ரப்பர் படகில்தான் போகணும். படகோட விளிம்புக் குழாய் மேலேயே உட்காரணும், அது நனைஞ்சே கிடக்கும். உடம்பு எடை முழுக்க உட்காரும் இடத்துத் தையலில் அழுந்தும். கசிவு முதலில் அங்கேதான் வரும்.

பார்சலைப் பிரிச்சு பேன்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பினதுமே தெரிஞ்சுபோச்சு. கால் கவட்டுத் தையலில் டேப் பாதி எழும்பி நிக்குது. உள்பூச்சு பிசுபிசுன்னு விரலில் ஒட்டுது, தேய்ச்சா வெள்ளை வெள்ளையா உதிருது. பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக்கில் போடுற இந்த மாதிரி உள்பூச்சு ஈரத்தில் சிதையும். நனைஞ்ச உடையை மடிச்சு மூடி வச்சா நடக்கிறது இதுதான். அதுக்கு மேல எந்த ஸ்ப்ரே அடிச்சும் சரி பண்ண முடியாது. நம்ம ஊர்ச் சுண்ணாம்புச் சுவர் தலைமுறை தாண்டியும் வழவழன்னு நிக்குது, இவங்க புதுசு மாதிரின்னு வித்தது விரல் பட்டா உதிருது.

வளவில் ஒரு பலகை போட்டு, சொட்டச் சொட்ட நனைச்ச துண்டை நாலா மடிச்சு விரிச்சு, பேன்ட்டுக்குள் டிஷ்யூ வச்சு அதைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்து பார்த்தாச்சு. 15 நிமிஷம் திட்டம், 3 நிமிஷத்திலேயே டிஷ்யூ ஊறிப்போச்சு.

சுத்தம் பண்ணின லட்சணம் இன்னும் மோசம். கணுக்கால் வெல்க்ரோவில் நாயுருவி மாதிரி ஒட்டுற புல் விதைகள், பாக்கெட் மூலையில் மண். வெளியூர் விதை ஒண்ணுகூட அந்தக் கரையில் இறங்கக் கூடாதுன்னு கப்பலில் வெல்க்ரோ, பாக்கெட், பூட்ஸ் அடிப்பாகம் எல்லாத்தையும் பார்த்து, வேக்குவம் வச்சு எடுத்துட்டுத்தான் இறக்குவாங்க. கடைக்காரர் சர்டிஃபிகேட் அங்கே செல்லாது. போதாததுக்கு துணியில் கம்ஃபர்ட் வாசம் வேற. மணத்துக்குப் போடுற அந்த மென்மையாக்கிதான் தண்ணி விலக்குற பூச்சைக் கெடுக்கும். அதை மறைக்க ஸ்ப்ரே அடிச்சிருக்காங்க. ஒரு தடவை அலசினதும் முத்து முத்தா ஓடின தண்ணி துணியில் ஊறி கருப்பா படருது.

கேட்டா என்ன பதில்? முதல் நாள்: "ஒரு வாஷ் போட்டா செட் ஆயிரும்ணே." மறுநாள்: "டீம்கிட்ட சொல்லியிருக்கேன்." மூணாம் நாள்: "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா? இல்லன்னா ரிட்டர்ன் கிடையாது." இன்னைக்கு மெசேஜுக்கு நீல டிக் விழுது, பதில் இல்லை. 46,800 ரூபாயை வாங்க மூணு நிமிஷத்தில் வீடியோ காலில் வந்த ஆள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிஞ்சாச்சு.

எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ பொறுமை இல்லை. முக்கியமானது மட்டும்:

முதலில் கப்பல் கம்பெனியோட பட்டியலைக் கேட்டு வாங்குங்க. பல கம்பெனிகள் பார்க்காங்கிற தலைமூடி வச்ச கனமான குளிர் கோட்டைக் கொடுத்துடுவாங்க, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸை இரவல் தருவாங்க. அப்போ நீங்க வாங்க வேண்டியது பேன்ட் மட்டும்தான். அதைப் பூட்ஸுக்கு வெளியே இறக்கி விடணும், உள்ளே சொருகினா தண்ணி நேரா பூட்ஸுக்குள் போகும். அதனால் கால் அகலத்தைப் பூட்ஸோட போட்டுப் பாருங்க. உள்பக்கம் திருப்பி டேப் ஒவ்வொண்ணையும் நகத்தால் நெருடிப் பாருங்க.

துவைக்க சோப்புத்தூள், மென்மையாக்கி, கஞ்சி எதுவும் வேண்டாம். நிக்வாக்ஸ் டெக் வாஷ் மாதிரி இதுக்குன்னே உள்ள திரவம், 30 டிகிரி, ஜிப்பும் வெல்க்ரோவும் மூடி, ரெண்டு தடவை அலசல், நிழலில் காய வைக்கிறது. லேபிள் அனுமதிச்சா மேலே துணி போட்டு மிதச் சூட்டில் அயர்ன் பண்ணுங்க, பழைய பூச்சு ஓரளவு உயிர் பெறும். ட்ரை வாஷ் கடைக்குக் கொடுக்காதீங்க, அந்தக் கரைப்பான் டேப் பசையைக் கிளப்பிடலாம். வெல்க்ரோ விதையை ஊக்கால் கிளறி, டூத்பிரஷ் போட்டு எடுங்க.

வீடியோ காலில் தண்ணி ஊத்திக் காட்டினா, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க. பார்சல் பிரிக்கிறப்போ போனில் படம் பிடிங்க.