3,800 டாலருக்கு ஒரு மரச்சட்டம் வாங்கியிருக்கிறேன்

எரிச்சலில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் பள்ளி பேண்டில் மரிம்பா வாசிக்கிறாள் (வரிசையாக அடுக்கிய மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிப்பது, சைலோஃபோனுக்குப் பெரிய அண்ணன்). பழைய வாத்தியங்களைச் சீர்செய்து ஆன்லைனில் விற்கும் ஒரு கடையில் 1930களின் டீகன் மரிம்பா, புதிதாகச் செய்த மேப்பிள் ஃப்ரேமோடு. டீகன் என்பது, 1935-ல் மரிம்பா கலைஞர் மஸ்ஸர் நூறு பேரை வைத்து நடத்திய மரிம்பா ஆர்கெஸ்ட்ராவுக்கு வாத்தியம் செய்த சிகாகோ கம்பெனி. விடுவேனா?

வீடியோ காலில் அந்த ஆள் ஒரு கட்டையை விளக்கடியில் பிடித்து, "ஹோண்டுராஸ் ரோஸ்வுட், இந்த மாதிரி இனிமேல் கிடைக்காது" என்றான். கண்ணாடி மாதிரி பளபளத்தது. அங்கேதான் விழுந்தேன். இருபது வருஷமாக மிருதங்கம் வாசிப்பவன், "எங்கே, தட்டிக் காட்டு, சுருதி பார்க்கிறேன்" என்று கேட்க வாய் வரவில்லை. கமிஷன் மிச்சமாகும் என்று, நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் 3,800 டாலரை அனுப்பச் சொன்னான். அனுப்பினேன்.

ஃப்ரேம் அழகுதான். தட்டினால் "டொக்". கட்டையில் கயிறு கோக்கும் துளை அதிர்வே இல்லாத இடத்தில், முனையிலிருந்து நீளத்தில் ஏறக்குறைய 22 சதவீதம் உள்ளே இருக்கும். ஃப்ரேமின் ஆணிகள் அதற்கு நேராக வரவேண்டும். இவன் தோதுக்கு அடித்ததில் கட்டைகள் சட்டத்தில் உரசுகின்றன. ஒலியைப் பெருக்கக் கட்டைகளுக்குக் கீழே தொங்கும் குழாய்களும் கட்டையின் நடுவுக்கு நேராக இல்லை. இதையெல்லாம் மாற்றிவிடலாம். அந்தப் பளபளப்புக்காகக் கட்டையின் அடிப்பக்கத்தையும் மெஷினில் தேய்த்திருக்கிறான்! மரிம்பாவின் சுருதியே அடியில் குடைந்த வளைவில்தான் இருக்கிறது. நடுவில் மரம் குறைந்தால் சுருதி இறங்கும். முனையைச் செதுக்கிக் கொஞ்சம் ஏற்றலாம். கால் ஸ்வரம் இறங்கிய கட்டையை என்ன செய்ய?

கேட்டால் முதலில் "ஈரப்பதம், இரண்டு வாரம் விடுங்கள்". அப்புறம் "உங்கள் பெண்ணின் குச்சி சரியில்லை". அப்புறம் "பழைய வாத்தியத்துக்கு அப்படி ஒரு குணம்". இன்று காலை, "திருப்பி அனுப்புங்கள், லாரிக் கூலி 900 உங்களுடையது. வந்ததும் பார்க்கலாம்". பணம் அனுப்பிய ஆப்காரர்களோ, "நீங்களே விரும்பி அனுப்பியதுதானே?" என்கிறார்கள். 3,800 டாலர் சார்!

வாங்குமுன் கவனிக்கவேண்டியதைப் பத்துப் பாயிண்டாக எழுத நினைத்தேன், ஓடவில்லை. ஒவ்வொரு கட்டையையும் ட்யூனர் வைத்துத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். அடிப்பக்கப் படம் கேளுங்கள். கிரெடிட் கார்டு தவிர வேறெதிலும் பணம் தராதீர்கள்.

சிகாகோ பக்கம் கட்டைக்குச் சுருதி சேர்க்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த மாதம் அவளுக்குக் கச்சேரி.