ஸ்வயம், என்பிடெல் பாடங்கள்: நெல்லைக் கல்லூரிகளில் பல பருவம் பயன்படுத்திப் பார்த்த பிறகு

திறன் அடிப்படைக் கல்வி என்ற பெயரில் வருவதெல்லாம் அதுவாக இருப்பதில்லை. அதன் அடிப்படை விதி ஒன்றுதான்: படித்து முடிக்க ஒருவருக்குக் கூடுதல் நாள் ஆகலாம், இன்னொருவர் சீக்கிரம் முடிக்கலாம், எட்ட வேண்டிய மட்டம் மட்டும் இருவருக்கும் ஒன்றே. 1997இல் தொடங்கிய அமெரிக்காவின் வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் அப்படித்தான் இயங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடத்தில் திறமையைக் காட்டினாலும் கணக்கில் சேரும்.

பாளையங்கோட்டையிலும் அபிசேகப்பட்டியிலும் நம் மாணவர்கள் கையில் இருப்பது வேறு. 2017இல் வந்த மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயமும், அதற்கு முன்பே 2003இல் ஐஐடிகள் தொடங்கிய வீடியோ பாடத் திட்டமான என்பிடெலும் வாரக் கெடு வைத்து ஓடுபவை. பாடம் அருமை, கடிகாரம் பழையது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்க அனுமதிக்கிறது. ஆகவே இது வெறும் சான்றிதழ் சேர்க்கும் வேலை இல்லை, டிகிரியையே தொடுகிற விஷயம்.

மதிப்பெண் கணக்கைப் பலர் சரியாகப் புரிந்துகொள்ளாமலே தேர்வுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். என்பிடெல் பாடத்தில் அசைன்மென்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டின் சராசரி, 8 வாரத்தில் சிறந்த 6, 4 வாரத்தில் சிறந்த 3. சான்றிதழ் வேண்டுமென்றால் அசைன்மென்டில் 10, தேர்வில் 30 என்று இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். அசைன்மென்டில் 25க்கு 25 வாங்கி, தேர்வில் 29 எடுத்தால் மொத்தம் 54. ஆனாலும் ஃபெயில்தான்.

இந்த இடத்தில்தான் நம் பக்கத்துப் பெரிய நோய் தெரியவரும். அசைன்மென்ட் விடைகள் டெலிகிராமிலும் யூடியூபிலும் கெடுவுக்கு முன்பே சுற்றுகின்றன. அதைப் பார்த்துக் குத்திவிட்டு 24 வாங்கிய பையன் தேர்வு அறையில் முழிக்கிறான். உண்மையான திறன் அடிப்படைப் பாடத்தில் தவறியவர் திருத்திக்கொண்டு திரும்ப முயலலாம். இங்கே அந்தப் பாடம் மறுபடி ஓடும்வரை காத்திருந்து, மறுபடி 1000 ரூபாய் கட்ட வேண்டும். சில பாடங்கள் வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

கல்லூரியில் இந்தப் பாடங்களுக்கு வழிகாட்டும் மென்டராக இருக்கும் ஆசிரியர்கள் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. கெடு முடிந்து விடை வெளியானதும் அதே வாரக் கேள்விகளில் எண்களை மட்டும் மாற்றி, ஐந்து கணக்கைத் தாளில் போடச் சொல்லுங்கள். 20 நிமிடம் போதும். நான்கு சரியாக வராதவரை அடுத்த வார வீடியோவுக்குப் போக வேண்டாம். மூன்றாவது வாரத்துக்குள் யார் யார் ஒப்பேற்றுகிறார்கள் என்று தெரிந்துவிடும். தேர்வுக் கட்டணத்துக்கான கடைசி நாள் பாடம் பாதி ஓடும்போதே வந்துவிடுவதால், கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க இந்தத் தாள்தான் உதவும்.

நிரலாக்கப் பாடங்கள் மட்டும் விதிவிலக்கு, நாங்கள் அடித்துப் பரிந்துரைப்பது அவற்றைத்தான். எழுதிய நிரலைத் தளமே சோதனை உள்ளீடுகளில் ஓட்டிப் பார்க்கும். வெளியே தெரியும் உள்ளீடுகள் சில, மறைத்து வைத்தவை சில. கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் வெளியீட்டு வடிவம்தான்: கேள்வியில் கேட்ட வடிவில் வெளியீடு இல்லாவிட்டால் விடை தவறாகிவிடலாம். வெற்றுப் பட்டியல், ஒரே ஒரு எண், எதிர்மறை எண் மூன்றையும் கொடுத்துப் பார்க்காமல் அனுப்பினால் மறைந்திருக்கும் சோதனையில் விழலாம்.

பி.எஸ்சி வேதியியல் செய்முறைக்கு இந்த ஆன்லைன் பாடங்கள் உதவாது. பியூரெட்டைப் பிடித்து நிறம் மாறும் துளியில் நிறுத்தும் கையை எந்தத் திரையும் பழக்காது.

களக்காடு, நாங்குநேரி பக்கத்திலிருந்து வந்துபோகும் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு. 12 வாரப் பாடம் என்றால் வாரம் சுமார் இரண்டரை மணி நேர வீடியோ. கல்லூரி வைஃபையில் குறைந்த தரமான 360பியில் இறக்கிக்கொண்டு பஸ்ஸில் பார்க்கலாம், கேட்கலாம், ஆனால் கணக்குப் போட முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் போகும் நாளும் கெடு நாளும் ஒன்றாக வந்தால் போச்சு. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே ஒரு தடவை அனுப்பிவிடுங்கள், பிறகு திருத்தலாம். ஆங்கிலம் தடுமாறினால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தொடங்குவது மேல். தமிழ்க் குரலில் சுமார் 10 நிமிட வீடியோக்கள். திரையில் ஒரு பாதியில் வீடியோ, மறு பாதியில் மென்பொருள். நிறுத்தி, செய்து பார்த்து, தொடர வேண்டும். கையால் செய்ய வைப்பதில் என்பிடெலை விட இதுவே ஒரு படி மேலே.

ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய ஆன்லைன் டிகிரி திறன் அடிப்படைக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம். நான்கு வாரம் பாடம் படித்து, அதிலேயே தகுதித் தேர்வு எழுதித் தேறினால் உள்ளே போகலாம். அடித்தளச் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி, பி.எஸ். என எந்தப் படியிலும் இறங்கிக்கொள்ளலாம். ஆனால் வேலை கடுமை. ரெகுலர் கல்லூரியோடு சேர்த்துப் படிக்க நினைப்பவர் முதலில் ஒரே ஒரு பாடம் எடுத்துப் பார்க்கட்டும்.

ஸ்வயத்தில் முடித்த பாடத்தின் கிரெடிட்டைக் கல்லூரிக் கணக்கில் சேர்க்கும் கிரெடிட் மாற்றத்தில் வரிசை முக்கியம். 4 வாரப் பாடத்துக்கு 1, 8க்கு 2, 12க்கு 3 கிரெடிட். பதிவு செய்யும் முன்பே அந்தப் பாடம் உங்கள் பாடத்திட்டத்தில் எதற்கு ஈடு என்று துறையிடம் எழுத்தில் வாங்குங்கள். முடித்த பிறகு கேட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்து ஏபிசி ஐடி, அதாவது கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கின் எண். நம் ஊர் இனிஷியல் இங்கேதான் படுத்தும்: ஆதாரில் இனிஷியல் பின்னால், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால், கல்லூரிப் பதிவேட்டில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் மூன்று ஆள் என்று தளம் நினைத்தால் கிரெடிட் வந்து சேராது. முதலில் ஆதாரைச் சரிசெய்து, அதன்பின் டிஜிலாக்கர், அதே எழுத்தில் ஸ்வயம் கணக்கு. தேர்வுக்குப் பணம் கட்டும்போது சான்றிதழில் வர வேண்டிய பெயரைக் கேட்கும் இடத்தில் அவசரப்படாமல் ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள், புள்ளி உட்பட.