ஊசிமருந்து நீரின் மாதிரி: கையாலா, தானியங்கியாலா?

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்று, தூய அறைகளில் ஊசிமருந்து தயாரிக்கும் வேலைக்குச் செல்லவிருக்கும் நம் மட்டக்களப்புப் பிள்ளைகள் ஊசிமருந்து செய்யப் பயன்படும் மிகத் தூய நீரில் நுண்ணுயிர் உண்டா என்று சோதிக்க மாதிரி எடுக்கும் இரு முறைகளின் வேறுபாட்டை முன்னரே அறிந்திருக்க வேண்டும். கையால் மாதிரி எடுப்பவர் குழாய்வாயைக் கிருமிநீக்கி, நீரைச் சிறிது ஓடவிட்டு, போத்தலைத் திறக்கிறார். எவ்வளவு கவனமாயிருந்தாலும் தோற்செதிலும் மூச்சும் கையுறையும் மாதிரிக்கு அருகில் வந்துவிடுகின்றன. 100 மில்லிலீற்றருக்கு 10 நுண்ணுயிர்க் கூட்டங்களே உச்ச வரம்பு என்னும்போது, மாசு நீரிலிருந்து வந்ததா, எடுத்தவரிடமிருந்து வந்ததா என்று பிரித்தறிவது கடினம். தானியங்கி முறையில் நீர் மூடிய குழாய்வழியே கிருமிநீக்கிய பைக்குள் செல்வதால் அந்த ஐயம் பெரிதும் குறைகிறது. ஆனால் தானியங்கியின் விலை அதிகம்; ஆகவே மாதிரிகள் குறைவான சிறிய கூடத்துக்கு நன்கு பயின்ற கைகளே பொருத்தம். மேலும், தானியங்கியின் வால்வு மூலைகளில் தேங்கும் நீரில் உயிர்ப்படலம் (நுண்ணுயிர்கள் ஒட்டி வளரும் படலம்) வளரக்கூடுமாதலால், நீராவியால் கிருமிநீக்கும் வசதியில்லாத தானியங்கியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.