ஸ்லோ குக்கரில் பீஃப் சாண்ட்விச்: சிகாகோவா, மிசிசிப்பியா, மினசோட்டாவா?

அமெரிக்காவில் சூடான பீஃப் சாண்ட்விச் என்று கேட்டால் ஊருக்கு ஒன்று வரும். சிகாகோவில் ரொட்டியோடு சேர்த்துச் சாற்றில் முக்கித் தருவார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் பாணியில் சாறு தனிக் கிண்ணத்தில் வரும், கடிக்குக் கடி தொட்டுச் சாப்பிட வேண்டும். மினசோட்டா, தெற்கு டகோட்டா பக்கம் போனால் வெள்ளை பிரெட்டும் கறியும் மசித்த உருளைக்கிழங்கும் ஒரே தட்டில், எல்லாவற்றின் மேலும் பழுப்பு கிரேவி. அதைக் கையில் எடுக்கவே முடியாது, முள்கரண்டிதான். இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது மிசிசிப்பி ரோஸ்ட். அதில் சாற்றைவிட வெண்ணெய்தான் பேசும்.

நான்கையும் இன்று வீடுகளில் ஸ்லோ குக்கரில்தான், அதாவது மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் மின்பானையில்தான், பெரும்பாலும் செய்கிறார்கள். ஆனால் நான்குக்கும் அந்தப் பானை ஒரே மாதிரி ஒத்துழைக்காது. எது ருசி என்பதற்கு முன்னால், எது அந்தப் பானைக்குப் பொருந்தும் என்று பார்ப்பது நல்லது.

இர்விங் நாக்சன் என்பவர் 1940-இல் காப்புரிமை பெற்ற பானை இது. 1971-இல் ரைவல் நிறுவனம் 'கிராக்பாட்' என்று பெயர் வைத்து விற்றது. பீன்ஸ் வேகவைப்பதை மனதில் வைத்து வந்த சாதனம் என்பதால் அதன் குணமும் அதற்கேற்றதுதான்: மெல்லிய சூடு, மூடிய மூடி, தண்ணீர் வெளியே போகாது. ஒன்றரை கிலோ மாட்டுக்கறியை ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் போட்டாலும், எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் அடியில் சாறு நிறையவே நிற்கும். அது நீர்த்த சாறு, சுண்டாது. கறியின் மேல்புறமும் சிவந்து முறுகாது. அதற்கு 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்த சூடு வேண்டும். இந்தப் பானை தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டுவதில்லை. 'லோ', 'ஹை' இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான், போகிற வேகம்தான் வேறு. அதனால் எந்த வகை செய்தாலும் முதலில் இரும்புக் கல்லில் நாலு பக்கமும் கறியைச் சிவக்க விட்டு எடுங்கள். 'அப்படியே போட்டு மூடினால் போதும்' என்று எழுதுகிறவர்கள் சாற்றைத் தனியாக ருசி பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்தது கறி. தோள்பட்டைப் பகுதி, அதாவது சக், கொழுப்பும் சவ்வும் கலந்தது. அந்தச் சவ்வு மெல்ல உருகிச் சாற்றில் இறங்கும், கறி நார் நாராகப் பிரியும். பின்தொடைப் பகுதியான ரவுண்டில் கொழுப்பு குறைவு. எட்டு மணி நேரம் வைத்தால் பிரியும், ஆனால் வாயில் போட்டால் வறவறவென்று இருக்கும். தெற்காசியக் கடைகளில் வாங்கினால் முழுத்துண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் குழம்புக்கு வெட்டுவது போல் வெட்டிவிடுவார்கள்.

சரி, சிகாகோவுக்கு வருவோம். அங்கே 1865-இல் தொடங்கி 1971 வரை நடந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற மாபெரும் கால்நடைச் சந்தையை ஒட்டி இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள் வாழ்ந்தன. கையில் கிடைத்த கடினமான கறியை மசாலா போட்டு வாட்டி, தாள் போலச் சீவிச் சாற்றில் நனைத்தால், கல்யாண வீட்டில் கொஞ்சம் கறியிலேயே நிறைய பேருக்குப் பரிமாறலாம். அந்தச் சிக்கனத்தில் பிறந்ததுதான் இத்தாலியன் பீஃப் என்பது அந்த ஊரில் சொல்லும் வரலாறு. 1938-இல் தொடங்கிய ஆல்ஸ் கடையின் பெயர் அதோடு சேர்ந்தே அடிபடும். கடையில் 'ட்ரை', 'வெட்', 'டிப்ட்' என்று நனைப்பின் அளவைச் சொல்ல வேண்டும். 'ஹாட்' என்றால் ஜார்டினியேரா என்ற காரமான காய்கறி ஊறுகாய், 'ஸ்வீட்' என்றால் வாட்டிய குடமிளகாய்.

இதில்தான் சிக்கல். கடையில் கறி சீவியது, ஸ்லோ குக்கரில் வருவது பிய்ந்தது. சக் கறியை ஜார்டினியேரா பாட்டிலோடு கொட்டி எட்டு மணி நேரம் வைத்து, பிய்த்துப் போட்டு 'இத்தாலியன் பீஃப்' என்றால் சிகாகோக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் நார் நாரான கறி சாற்றை உறிஞ்சிக் கொழகொழப்பாகிவிடும்; சீவிய கறி சாற்றைப் பூசிக்கொண்டு தனித்தனியாக நிற்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு, வேலைதான் கூடுதல். ரவுண்ட் துண்டை எடுத்து 'லோ'வில் வைத்து, கத்தி சுலபமாக இறங்கும் ஆனால் கறி உடையாது என்கிற பதத்தில் நிறுத்த வேண்டும். நாலைந்து மணி நேரத்தில் பார்க்கத் தொடங்கலாம். கறியையும் சாற்றையும் தனித்தனியாக ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கறி இறுகியிருக்கும். நாருக்குக் குறுக்கே, விளக்கில் பிடித்தால் வெளிச்சம் தெரிகிற மெல்லிசுக்குச் சீவி, கொதிக்கும் சாற்றில் அரை நிமிடம் போட்டு எடுத்தால் போதும். நீர்த்த சாறு இங்கே குறையே இல்லை. ரொட்டி குடிக்க வேண்டியதே அதைத்தான். ஆரிகானோ, பூண்டு, மிளகு, கொஞ்சம் பெருஞ்சீரகம் போட்டிருந்தால் வாசனைக்கும் பஞ்சமில்லை.

ஜார்டினியேராவைப் பானைக்குள் போடாதீர்கள். காலிஃபிளவர், காரட், செலரி, பச்சை மிளகாய் எல்லாம் எண்ணெயில் ஊறிய ஊறுகாய் அது. நறுக்கென்று கடிபடுவதில்தான் அதன் மதிப்பு, எட்டு மணி நேரம் வெந்தால் கூழ். கடைசியில் மேலே வையுங்கள். ரொட்டி தோல் கெட்டியான நீள ரொட்டியாக இருக்கட்டும். சூப்பர்மார்க்கெட் ஹாட்டாக் பன்னைச் சாற்றில் முக்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

மிசிசிப்பி ரோஸ்ட்டுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அந்த மாநிலத்தின் ரிப்ளி ஊரைச் சேர்ந்த ஒரு பெண், தன் அத்தை இத்தாலியன் டிரெஸ்ஸிங் என்ற சாலட் மசாலாப் பொடி போட்டுச் செய்த ரோஸ்ட்டைக் காரம் குறைய மாற்றிச் செய்தது இது. சக், ஒரு பாக்கெட் ரான்ச் பொடி (மோர், மூலிகை வாசனையுள்ள சாலட் மசாலா), ஒரு பாக்கெட் ஓ ஜூ கிரேவிப் பொடி, 113 கிராம் வெண்ணெய்க் கட்டி ஒன்று, வினிகரில் ஊறிய, காரம் குறைந்த பெப்பரொன்சினி மிளகாய் சில. தண்ணீர் வேண்டாம். மூடி வைத்துவிட்டு ஆபீஸ் போய் வரலாம். இந்தப் பானைக்கு இதைவிட இணக்கமான சமையல் கிடையாது, சோம்பேறிகளுக்கும் கிடையாது.

ருசி? முதல் கடி அபாரம். மூன்றாவது கடிக்குள் உப்பும் கொழுப்பும் மட்டும்தான் தெரியும். இரண்டு பொடியிலும் உப்பு, வெண்ணெயிலும் உப்பு என்றால் எப்படி? உப்பில்லாத வெண்ணெயில் இரண்டு ஸ்பூன் போதும், சக்கிலேயே கொழுப்பு தாராளம். கிரேவிப் பொடியில் பாதி போதும். மிளகாயை இரட்டிப்பாக்கி, பாட்டிலில் உள்ள வினிகரையும் இரண்டு ஸ்பூன் விடுங்கள். பன்னில் வைக்கும்போது பச்சை வெங்காயத் துண்டு கட்டாயம்.

மினசோட்டா வகை இதற்கு நேர் எதிர். வெங்காயம், உப்பு, மிளகு, கறி, அவ்வளவுதான். மாநிலத்தின் தென்மேற்கில் 'ஹாட் பீஃப் கமர்ஷியல்' என்று மெனுவில் பார்க்கலாம். மறைக்க மசாலா இல்லாததால் கறியைச் சிவக்க வைக்காமல் விட்டால் உடனே காட்டிக்கொடுக்கும். நீர்த்த சாறு இங்கே எதிரி. அதை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, அடுப்பில் தனியாகக் கொதிக்க வைத்து, இரண்டு கப்புக்கு இரண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்ற வேண்டும். பானையிலேயே கெட்டியாக்கப் பார்த்தால் பொறுமைதான் போகும். குழந்தைகளுக்கும், பல் சரியில்லாத பெரியவர்களுக்கும் இதுதான் நல்லது.

லாஸ் ஏஞ்சலீஸின் ஃபிரெஞ்ச் டிப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1908-இல் தொடங்கிய ஃபிலிப்ஸ், கோல்ஸ் இரண்டு கடைகளும் 'நாங்கள்தான் முதலில்' என்று உரிமை கொண்டாடியவை. வீட்டில் செய்யும்போது அது ஊறுகாய் இல்லாத சிகாகோவாகவே வந்து நிற்கிறது. வீட்டில் காரம் ஆகாதவர்கள் இருந்தால் செய்யலாம்.

ஆக, வேலை நாளென்றால் உப்பைக் குறைத்த மிசிசிப்பி. முந்தைய ராத்திரியே கறியை வேகவைக்க நேரம் இருந்தால் யோசிக்காமல் சிகாகோ. எதுவானாலும் கறி உறைந்த கட்டியாகப் பானைக்குள் போகக்கூடாது. பானை மெல்லச் சூடேறுவதால், கிருமி பெருகும் 4 முதல் 60 டிகிரி வரையிலான இடைவெளியில் அது நெடுநேரம் கிடக்கும். மூடியைச் சும்மா சும்மா திறந்து பார்க்கவும் கூடாது, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடமாவது கூடும்.

மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், மூன்று நாள் தாங்கும். மிசிசிப்பி கறியில் மறுநாள் வெண்ணெய் மேலே மஞ்சளாக உறைந்திருக்கும். பாதியை வழித்து எறிந்துவிட்டுச் சூடாக்கினால் முதல் நாளைவிட நன்றாகவே இருக்கும். மினசோட்டா கிரேவி கட்டிதட்டும், கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கிளறினால் சரியாகிவிடும். சிகாகோ கறியை மட்டும் சாற்றோடு சேர்த்துச் சுட வைக்காதீர்கள். சாறு கொதித்த பிறகு கறியைப் போட்டு உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவ்வளவு மெனக்கெட்டுச் சீவியது ரப்பராகிவிடும்.