துணி சோஃபாவும் சாம்பார் கறையும்

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துணி சோஃபா வேண்டாம், ரெக்சின் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் வெளிர் சாம்பல் நிறத்தில் பாலியெஸ்டர் துணி போட்டதையே வாங்கினோம். வருடங்கள் ஓடிவிட்டன, சாம்பார், காபி, பால், பேனா மை என்று அதன் மேல் விழாதது இல்லை. இன்னும் விருந்தாளியைத் தயங்காமல் உட்காரச் சொல்லலாம். அதற்குக் காரணம் விலை உயர்ந்த ஸ்ப்ரே எதுவும் இல்லை. தண்ணீரைக் குறைவாக விடுவதும், விட்டதை முழுக்க ஒற்றி எடுப்பதும்தான்.

முதலில் குஷனைத் தூக்கி அடியில் தைத்திருக்கும் லேபிள் சீட்டைப் பாருங்கள். டபிள்யூ என்றிருந்தால் தண்ணீர் படலாம். எஸ் என்றால் தண்ணீர் கூடாது, டிரை கிளீனிங் திரவம் மட்டும். இரண்டு எழுத்தும் சேர்ந்திருந்தால் எதுவும் சரி. எக்ஸ் என்றால் வேக்குவம் தவிர வேறெதுவும் வேண்டாம். ஆர்டர் கொடுத்துச் செய்த சோஃபாவில் பெரும்பாலும் சீட்டு இருக்காது. அப்போது சுவர்ப் பக்கம் ஓர் ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நம் வீடுகளில் பெரிய எதிரி மஞ்சள்தான். சாம்பார் கொட்டியதும் பலரும் துணி சோப்பையோ சமையல் சோடாவையோ எடுக்கிறார்கள். மஞ்சள் கறை அப்படியே சிவந்துபோகும். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும். நான் செய்வது இது. கரண்டியால் வழித்தெடுத்து, எண்ணெய்ப் பிசுக்கின் மேல் சோள மாவைத் தூவி, கொஞ்ச நேரம் கழித்து வேக்குவம் போடுவேன். அப்புறம் ஒரு கிண்ணம் தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து, வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுவேன். தேய்ப்பதே இல்லை; தேய்த்தால் கறை பரவும், துணியில் பிசிறு கிளம்பும். ஒற்றுவதற்குப் பழைய வெள்ளை வேட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. நன்றாக உறிஞ்சும், சாயமும் விடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மங்கலான மஞ்சள் நிற்கும். குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனால் மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் எடுத்து ஒற்றுவேன் (ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது). பிறகு குஷனை மொட்டை மாடி வெயிலில் வைத்துவிட்டால் மிச்சமும் வெளுத்துவிடும். பால்பாயிண்ட் பேனா மைக்கும் இதே ஸ்பிரிட்தான்.

ரத்தம், பால், முட்டை என்றால் பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும்.

குழந்தையின் மூத்திரம்தான் கடினம். கறை போனாலும் மழைக்காலத்தில் வாடை திரும்ப வரும், ஏனென்றால் யூரிக் அமிலப் படிகங்கள் ஃபோமுக்குள் தங்கியிருக்கும். என்சைம் கலந்த கிளீனரை ஊற விட்டால்தான் அது அடங்குகிறது. வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சுகிறது.

தலை சாயும் இடத்தில் படியும் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு துண்டு விரித்து, வாரம் ஒருமுறை துவைப்பதுதான் வழி.

போர் தண்ணீரைத் தவிருங்கள். காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூக்கும். ஆர்ஓ தண்ணீர் போதும். கறை இருந்த இடத்தை மட்டும் நனைத்தால் காயும்போது அழுக்கு ஓரத்துக்கு நகர்ந்து வளையம் விழும், அதனால் கடைசியில் அந்தப் பக்கம் முழுவதையும் தையல் வரை லேசாக ஈரத்துணியால் ஒற்றிவிடுவேன். ஒருமுறை வீட்டுக்கு வந்து சுத்தம் செய்தவர்கள் நுரையைச் சரியாக எடுக்காமல் போய்விட்டார்கள். சோப்பு தங்கிய இடமெல்லாம் பிசுபிசுத்து, முன்பைவிட வேகமாக அழுக்கைப் பிடித்தது. அதற்குப் பிறகு ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் ஒன்று வாங்கினோம். கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் பெரிய சுத்தம் எதையும் தொடாதீர்கள். ஃபோம் காயாமல் பூஞ்சை பிடிக்கும். மாசியிலிருந்து ஆனி வரை, காலையில் தொடங்கினால் மின்விசிறிக் காற்றிலேயே சாயங்காலத்துக்குள் உட்காரும் அளவுக்குக் காய்ந்துவிடும்.