பெரியவர்கள் கையில் ஹேண்டிகேம்: வடசென்னை வீடுகளில் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

ஆடிக் கூழ், காதுகுத்து, வளைகாப்பு, திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் மாசித் தேர் எதுவானாலும், எந்த நேரத்தில் எது நடக்கும், யார் எங்கே வந்து நிற்பார்கள் என்று வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் முன்கூட்டியே தெரியும். அதனால் கேமரா அவர்கள் கையில் இருப்பதே நல்லது. தண்டையார்பேட்டை, ராயபுரம், காலடிப்பேட்டை பக்கம் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் மெமரி கார்டு ஹேண்டிகேமும் (கையடக்க வீடியோ கேமரா), ஸ்டாண்டில் மாட்டிய செல்போனும் பயன்படுத்துவதைப் பார்த்தும் சொல்லிக்கொடுத்தும் வந்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பொத்தானை அமுக்க அவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். அமுக்கியது ஓடுகிறதா நின்றதா என்று அவர்களுக்குத் தெரியவருவதில்லை. வருகிற கோளாறில் பெரும்பங்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஹேண்டிகேமில் தொடங்கவும் நிறுத்தவும் ஒரே பொத்தான். முதல் தடவை விரல் சரியாகப் படாவிட்டால் அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ். தாலி கட்டும்போது கேமரா சும்மா இருக்கும். கையில் தொங்கவிட்டு நடக்கும்போது ஓடும். டிவியில் போட்டுப் பார்த்தால் தரையும் செருப்பும் புடவைக் கரையும்தான் வரும். காரணம் கவனக்குறைவு இல்லை. கேமரா போடும் 'பீப்' சத்தம் கீச்சுக்குரல் மாதிரி உயர்ந்த சுருதி. வயதானால் முதலில் மங்குவது அந்தச் சுருதியைக் கேட்கும் திறன்தான். சிவப்பு லைட் முன்பக்கம் எரிகிறது, படம் எடுப்பவருக்குத் தெரியாது. பதிவு ஓடுவதைக் காட்டத் திரையில் வரும் 'ரெக்' (REC) என்ற எழுத்து எள்ளளவு. பைஃபோகல் கண்ணாடியில் மேல்பாதி தூரத்துக்கு, கீழ்பாதி படிக்க. கேமரா திரை இருக்கும் முழநீளத் தூரம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

இதற்கு மூன்று ஏற்பாடு போதும். முதலாவது, ஒவ்வொரு காட்சி முடிந்ததும் திரையை மடக்கிவிடச் சொல்வது. பெரும்பாலான ஹேண்டிகேம்களில் திரையைத் திறந்தால் கேமரா உயிர் பெறும். மடக்கினால் பதிவு நின்று அணைந்துவிடும். (கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூ ஃபைண்டர் உள்ள சில மாடல்களில் இப்படி நிற்காது, கொடுப்பதற்கு முன் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.) அப்புறம் அமுக்கு எப்போதும் ஒன்றுதான்: திற, அமுக்கு, எடு, மடக்கு. நிறுத்தும் அமுக்கே கிடையாது என்பதால் தலைகீழாகப் போக வழியில்லை. திறந்து அடுத்த காட்சிக்குத் தயாராகச் சில நொடி ஆகும், அவ்வளவுதான் இழப்பு.

இரண்டாவது, பொத்தானின் மேல் ஒரு மேடு. கட்டைவிரல் படும் இடத்தில் அரிசி அளவு எம்-சீல் உருண்டை வைத்து ஒரு நாள் காயவிட்டால் பார்க்காமலே விரல் தேடிக்கொள்ளும். வெல்வெட் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிப் பார்த்த வீடுகளும் உண்டு. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேர்வைக்குப் பசை இளகி நகர்ந்துபோகிறது. பொட்டு ஒட்டினால் மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். ஆள்காட்டி விரல் படும் இடத்தில் ஜூம் நெம்புகோலும் போட்டோ பொத்தானும் அடுத்தடுத்து இருக்கும். ஜூமை முதல் மாதம் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். ஜூம் போட்டால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். கிட்டப் போய் எடுப்பதுதான் நல்லது.

மூன்றாவது, எதிரே இருப்பவரின் குரல். சிவப்பு லைட் அவர்களுக்குத்தானே தெரிகிறது. "லைட்டு எரியுது ஆயா, ஓடுது!" என்று பேரப்பிள்ளை ஒரு குரல் கொடுத்தால் போதும். வீட்டில் இதை ஒரு பழக்கமாக்கிவிட்டால் வேறு எந்த வசதியும் இதற்கு ஈடாகாது.

கேசட் காலத்தில் படம் எடுத்துப் பழகியவர்களிடம் ஒரு தனிப் பயம் இருக்கும். சோனியின் முதல் ஹேண்டிகேம் 1985இல் வந்தது. அது வீடியோ 8 டேப். பிறகு ஹை8, 1995க்குப் பின் மினிடிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் டேப். துறைமுகத்தில், கப்பலில், வளைகுடாவில் வேலை செய்த நைனாக்களும் மாமாக்களும் அவற்றைக் கொண்டுவந்தார்கள். பர்மா பஜாரில் வாங்கியவர்களும் உண்டு. டேப்பில் எடுத்ததை ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசி வரை சுற்றாமல் மறுபடி பதிவு செய்தால் பழையது அழிந்துபோகும். அந்தச் சூடு பட்டவர்கள் இன்றைக்கும் எடுத்ததைப் பார்க்கவே தயங்குகிறார்கள். கார்டில் அப்படி ஆகாது, புதியது தனிக் கோப்பாகத்தான் போய் உட்காரும் என்பதை வாயால் சொன்னால் பாதிதான் நம்புவார்கள். இரண்டு காட்சி எடுத்து, முதலாவதை ஓட்டிப் பார்த்து, மூன்றாவதை எடுத்து, மூன்றும் இருப்பதைக் காட்டுங்கள். அதற்கப்புறம் சந்தேகம் வராது.

பாடம் நடத்தும் வரிசையும் முக்கியம். முதல் நாள் திறப்பது, மடக்குவது, இரண்டு மட்டும். மறுநாள் அமுக்கிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை கையை அசைக்காமல் நிற்பது. அன்றைக்கே எச்டிஎம்ஐ ஒயர் போட்டு டிவியில் காட்டிவிட வேண்டும். கேமரா பக்கம் இருக்கும் துளை பெரும்பாலும் மைக்ரோ அளவு, சாதாரண ஒயர் நுழையாது, வாங்கும்போதே கவனியுங்கள். தான் எடுத்ததைப் பெரிய திரையில் பார்த்தவருக்குக் கேமராவை வேகமாகத் திருப்பினால் என்ன ஆகிறது என்று யாரும் சொல்லவே வேண்டியதில்லை.

கையில் கொடுப்பதற்கு முன் இளையவர்கள் மெனுவில் செய்ய வேண்டியது: தேதி, நேரம் வைப்பது, டெமோ ஓட்டத்தை நிறுத்துவது, சில நிமிடத்தில் தானாக அணையும் வசதியை எடுத்துவிடுவது. இந்தக் கடைசி ஒன்றை மறந்தால் "கேமரா ரிப்பேர் ஆயிடுச்சு" என்று மூலையில் வைத்துவிடுவார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 அல்லது 50 பிரேமில் (படத்தில்) வைத்தால் டியூப் லைட் வெளிச்சத்தில் படம் அலையடிக்காது. ஐபோனில் இதற்கு 'PAL ஃபார்மட்' என்ற தேர்வைக் கேமரா அமைப்பில் திறந்துவிட வேண்டும். மாதக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் சின்ன கடிகார பேட்டரியும் தீர்ந்து தேதி அழிந்துபோகும். கேமராவை அடாப்டரில் ஒரு நாள் முழுக்கச் செருகி வைத்தால் அது மறுபடி ஏறும், தேதியை மட்டும் புதிதாக வைக்க வேண்டும்.

கார்டுக்கு 32 ஜிபியே எங்கள் சிபாரிசு. ஏவிசிஎச்டி என்ற ஹேண்டிகேம் பதிவு முறையில், நொடிக்கு 17 மெகாபிட் (எம்பிபிஎஸ்) தரத்தில் சுமார் நாலு மணி நேரம் பிடிக்கும், உயர்ந்த 28இல் இரண்டரை மணி நேரம். 32 ஜிபிக்கு மேல் போனால் கோப்புகளை அடுக்கும் முறை எக்ஸ்ஃபேட் (exFAT) ஆகிவிடுவதால் பழைய டிவிகள் சில அந்தக் கார்டைக் கண்டுகொள்ளாது. நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் பெரிய கொள்ளளவுக் கார்டுகளில் போலி அதிகம்: 128 என்று காட்டும், உண்மைக் கொள்ளளவு நிரம்பியதும் மேற்கொண்டு எழுதியதெல்லாம் கெட்டுப்போகும். கல்யாண வீட்டில்தான் அது தெரியவரும். வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற கார்டு சோதிக்கும் மென்பொருளைப் போட்டு முழுதாக எழுதிப் படித்துப் பாருங்கள். பிறகு கேமராவுக்குள்ளேயே பார்மட் செய்யுங்கள். நடுங்கும் விரலால் மைக்ரோ கார்டை எடுக்கச் சொல்லவே கூடாது, ஸ்பிரிங் தள்ளி எங்கேயாவது தெறித்துவிடும். கார்டு உள்ளேயே இருக்க, படங்களை யுஎஸ்பி ஒயரில் எடுப்பதே சரி.

கடலோரத்தில் கேமராவைச் சாகடிப்பது வயசு இல்லை, ஈரக் காற்று. காசிமேடு, எண்ணூர் பக்கம் லென்ஸில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரியும். முற்றிவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், துடைத்துப் பயனில்லை. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அதில் வைக்கவே கூடாது; பீரோவில் துணிக்கு நடுவிலும் கூடாது. ரப்பர் விளிம்பு உள்ள பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துப் பழைய நிறம் வந்ததும் திருப்பிப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். பேட்டரியை முழுதாக ஏற்றியோ முழுதாகத் தீர்த்தோ வைக்காமல் பாதி அளவில் கழற்றி வையுங்கள்.

செல்போன் யாருக்கு? ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பிப் பழகியவர்களுக்கு. மற்றவர்களுக்குத் தொடுதிரை பெரும் தொல்லை: காய்ந்த விரல் நுனியை அது உணராது, தொடச் சொன்னால் அழுத்திப் பிடிப்பார்கள், வேறு ஏதோ திறக்கும். இதற்கு நல்ல மாற்று, ஆண்ட்ராய்டு கேமரா அமைப்பில் வால்யூம் விசையையே பதிவுப் பொத்தானாக வைத்துவிடுவது. அதன்மேலும் ஒரு எம்-சீல் புள்ளி. எடுக்கும் முன் விமானப் பயன்முறை போடாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடலாம். ஐபோனில் எச்இவிசி (HEVC) என்ற சுருக்கும் முறையில் 1080பி, 30 பிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி. அதே 4கே என்றால் 170 எம்பி. டிவியில் வீட்டார் பார்ப்பதற்கு 1080பி தாராளம். அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் தரத்தைக் குறைத்துவிடும். டாக்குமென்ட் ஆகச் சேர்த்தால் 2 ஜிபி வரை அப்படியே போகும்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்விசிறிக்கு நேர்கீழே நின்று எடுத்தால் மைக்கில் காற்று உரசும் ஓசைதான் நிறையும். இரண்டு அடி தள்ளி நின்றாலே போதும். பறைமேளத்துக்குப் பக்கத்தில் எடுத்தால் கேமரா தானாக ஒலியைக் குறைத்துக்கொண்டு பேச்சை அமுக்கிவிடும். பாட்டியின் பேச்சைப் பதிவு செய்வதென்றால் ஒரு மீட்டர் தூரத்துக்குள் ஸ்டாண்டில் வையுங்கள். ஸ்டாண்டில் வைத்த நேரம் நடுக்கம் குறைக்கும் வசதியை அணைத்துவிடலாம். இல்லாவிட்டால் சில கேமராக்களில் படம் மெல்ல நகர்ந்து நகர்ந்து வரும்.

விசேஷம் முடிந்த மறுநாளே ஒருவர் பொறுப்பெடுத்து ஹார்ட் டிஸ்கிலும் பென் டிரைவிலுமாக இரண்டு பிரதி எடுத்து, இரண்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகே கார்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்வது பெரியவர்களின் வேலையாக இருக்கக் கூடாது. அந்த மெனு இருக்கும் பக்கமே அவர்களை அழைத்துப் போகாதீர்கள்.