குளிரில் மக்கர் செய்யும் பழைய ஹைட்ராலிக்: பம்பா, ஆயிலா, ஹீட்டரா?

வெட்டிய மரத்தை இழுத்து வரும் பழைய ஸ்கிடரோ மரம் ஏற்றும் லோடரோ வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் வரும் தலைவலி ஏறக்குறைய ஒரே மாதிரிதான். காலையில் பூம் (தூக்கும் கை) மெதுவாக எழும்பும். கிராப்பிள் (மரத்தைப் பிடிக்கும் கவ்வி) ஒரு முறை மூடும், அடுத்த முறை மூடாது. பம்ப் ஊளையிடும். பத்துப் பதினொரு மணிக்கெல்லாம் தானாகச் சரியாகிவிடும். மெக்கானிக் வந்து நிற்கும் நேரத்தில் வண்டி சமர்த்தாக வேலை செய்யும்.

இதற்கு ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியம் நான்கு. பம்பை மாற்று, மெல்லிய ஆயில் ஊற்று, டேங்கில் ஹீட்டர் போடு, இல்லாவிட்டால் செலவே வேண்டாம், கொஞ்ச நேரம் ஓடவிட்டு எடு. நான்கில் அதிகச் செலவு வைப்பது முதலாவது. இந்தக் கோளாறுக்குக் கொஞ்சமும் பொருந்தாததும் அதுதான்.

பம்ப் மாற்றுவது

தேய்ந்த பம்புக்குள் ஆயில் இடுக்குகள் வழியாகத் திரும்பிக் கசியும். ஆயில் சூடாகி இளகும்போது கசிவு கூடும். குளிர்ந்து தடித்திருக்கும்போது குறையும். அதனால் தேய்ந்த பம்ப் காலையில் நன்றாக இருந்து பிற்பகலில்தான் தளரும். உங்கள் வண்டி இதற்கு நேர்மாறாக, காலையில் படுத்து பிற்பகலில் எழுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பம்பின் தேய்மானத்தை அல்ல, பம்புக்கு ஆயில் போய்ச் சேருகிறதா என்பதைத்தான்.

பம்ப் ஆயிலை இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் டேங்கில் இருக்கும் காற்றழுத்தம்தான் ஆயிலைப் பம்புக்குள் தள்ளுகிறது. அதன் மொத்த பலமே சுமார் 1 பார். பம்பின் வாயில் வெளிக்காற்றைவிட 0.2 பார் அளவுக்கு மேல் அழுத்தம் குறைந்தாலே பல பம்புகள் திணறும். ஆயிலின் தரம் ஐஎஸ்ஓ விஜி 46 என்றால் 40 டிகிரி செல்சியஸில் அதன் தடிமன் 46 சென்டிஸ்டோக் (தடிமனை அளக்கும் அலகு). அதே ஆயில் 0 டிகிரியில் பத்து மடங்குக்கு மேல் தடிக்கும். மைனஸ் 20-ல் ஏறக்குறைய நூறு மடங்கு. பல பிஸ்டன் பம்புகளின் கையேட்டில் குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கு 1000 அல்லது 1600 சென்டிஸ்டோக் என்று வரம்பு இருக்கும். சாதாரண விஜி 46 மைனஸ் 10, 12-லேயே அதைத் தாண்டிவிடும். புதுப் பம்ப் மாட்டினாலும் இதே பட்டினிதான்.

சரி, பம்பைத்தான் பரிசோதிக்க வேண்டும் என்றால் பிரஷர் கேஜா, ஃப்ளோ மீட்டரா? சிலிண்டரைக் கடைசி வரை தள்ளி நிறுத்திப் பார்த்தால், பாதி ஆயிலே தரும் பம்ப்கூடக் கேஜில் முழு ரிலீஃப் பிரஷரை, அதாவது மிஞ்சிய அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஃப் வால்வு திறக்கும் அளவை, காட்டிவிடும். ஆயில் சூடான பிறகு, லோடு கொடுத்துப் பார்க்கும் ஃப்ளோ மீட்டர்தான் உண்மையைச் சொல்லும். பிஸ்டன் பம்ப் என்றால் கேஸ் டிரெய்ன் ஹோஸில் (பம்பின் உட்கசிவை டேங்குக்குத் திருப்பும் குழாய்) எவ்வளவு வருகிறது என்று அளந்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஆனால் குளிர்காலக் கோளாறுக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், நான் சக்ஷன் லைனில் (டேங்கிலிருந்து பம்புக்கு ஆயில் வரும் குழாய்) மாட்டும் வாக்யூம் கேஜைத்தான் வாங்குவேன்.

ஆயிலா, ஹீட்டரா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். மெல்லிய ஆயில் என்று நான் சொல்வது, எச்விஎல்பி வகையில் வரும் விஜி 32. வெப்பநிலை மாறும்போது தடிமன் அதிகம் மாறாதபடி செய்த ஆயில் இது. இந்தக் குணத்தைக் காட்டும் எண்ணான விஸ்காசிட்டி இண்டெக்ஸ் 140 அல்லது அதற்கு மேல் இருக்கும். சாதாரண விஜி 46 மைனஸ் 20-ல் நான்காயிரம் சென்டிஸ்டோக்குக்கு மேல் போகிறது என்றால், இது ஆயிரத்துச் சொச்சத்தில் நிற்கும். இதன் பெரிய பலம், டேங்கில் மட்டுமல்லாமல் ஹோஸ், வால்வு, சிலிண்டர், பைலட் லைன் (வால்வை நகர்த்தும் சிறு குழாய்) என எல்லா இடத்திலும் வேலை செய்வது. காட்டுக்குள் கரண்ட் தேட வேண்டியதில்லை.

பலவீனமும் உண்டு. கோடையில் வண்டி சூடேறும்போது பழைய பம்புக்கும் மோட்டருக்கும் இது மெல்லியதாகிப் போகலாம். டேங்கை வடித்தாலும் சிலிண்டரிலும் ஹோஸிலும் பழைய ஆயில் கணிசமாகத் தங்கிவிடும், ஒரு முறை மாற்றியதில் முழுப் பலன் தெரியாது. அப்புறம், டப்பாவில் போட்டிருக்கும் போர் பாயிண்ட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஆயில் அசையும் கடைசி எல்லை. பம்பால் எடுக்க முடியும் எல்லை அதற்கு மேலே வெகு தூரத்தில் இருக்கிறது. 10டபிள்யூ இன்ஜின் ஆயிலைப் பல பழைய இயந்திரங்களின் கையேடுகளே அனுமதிக்கின்றன, ஊற்றலாம். அதிலுள்ள டிடர்ஜென்ட் தண்ணீரைப் பிரிய விடாமல் கலக்கியே வைத்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மண்ணெண்ணெய் கலந்து இளக்குவது வேண்டவே வேண்டாம்: மசகும் போய், தீப்பிடிக்கும் அபாயமும் கூடும்.

ஹீட்டர் பம்பின் பசியை நேரடியாகத் தீர்க்கும், ஆயில் மாற்ற வேண்டியதில்லை. கணக்கு மட்டும் சற்று நெருடும். 150 லிட்டர் ஆயிலை 30 டிகிரி உயர்த்த, வெளியே போகும் சூட்டைக் கணக்கில் எடுக்காமலே, 500 வாட் ஹீட்டருக்கு நான்கு மணி நேரம் ஆகும். குளிர்காற்றில் நிற்கும் இரும்பு டேங்கில் இன்னும் நேரமாகும். அவசரத்துக்கு அதிக வாட் போட்டால் ஹீட்டரை ஒட்டியிருக்கும் ஆயில் கருகும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 வாட்டுக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் சூடாக இருந்தாலும் வண்டியை நகர்த்தும் டிராவல் மோட்டர் உறைந்துதான் கிடக்கும். சூடான ஆயில் அதில் திடீரென்று பாய்ந்தால் உள்ளே இருக்கும் பாகம் வேகமாக விரிந்து, வெளிக்கூடு விரியாமல், பிடித்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

என் கணிப்பில் முதலில் ஆயில்தான். வாரக்கணக்கில் மைனஸ் 20-க்குக் கீழே போகும் காடு என்றால் இரண்டுமே வேண்டும்.

ஓடவிட்டுச் சூடேற்றுவது இந்த இரண்டுக்கும் மாற்று அல்ல, கூடவே செய்ய வேண்டியது. இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுச் சில நிமிடம் லீவரைத் தொடாதீர்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரையும் பாதித் தூரம் மெதுவாக இயக்குங்கள். லீவரைப் பிடித்து ரிலீஃப் வால்வைத் திறக்க வைத்துச் சூடேற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. வேலை செய்யும்தான்: நிமிடத்துக்கு 40 லிட்டர், 150 பார் என்றால் 10 கிலோவாட் சூடு. ஆனால் அத்தனையும் ஒரே வால்வில் இறங்குகிறது. சில நொடி பிடித்து விட்டுவிட வேண்டும்.

மூன்றுக்கும் அடங்காதவை

ஆயில் தடிப்பதால் வரும் தொல்லை ஒழுங்காக வரும்: குளிர்ந்த காலை ஒவ்வொன்றிலும், ஒரே அளவில். சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதலில் டேங்க் பிரீதர், அதாவது டேங்குக்குள் காற்று போய்வரும் வழி. சூடான டேங்கின் ஈரக்காற்று அதில் உறைந்து அடைத்துக்கொள்ளும். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்ப் ஊளையிட ஆரம்பிக்கும். ஊற்றும் மூடியைத் தளர்த்தினால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும், ஊளை நிற்கும். பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பம்புக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது சக்ஷன் ஹோஸ். வெளியே புதுசுபோல் இருக்கும். உள் ரப்பர் உரிந்து தொங்கி, ஒரு நேரம் வழிவிடும், ஒரு நேரம் மறிக்கும். மூன்றாவது, அடியில் தேங்கிய தண்ணீர் பனிக்கட்டியாகி ஸ்ட்ரெய்னரில் (பம்புக்கு முன் உள்ள சல்லடை) ஒட்டுவது. 100 டிகிரிக்கு நன்றாக மேலே சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால், தண்ணீர் இருக்கும் ஆயில் படபடவென்று வெடிக்கும். கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சத்தத்தையும் கேளுங்கள். ஆயில் போதாமல் திணறும் பம்ப் சீராக ஊளையிடும். காற்றை உறிஞ்சும் பம்ப், டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் கடகடக்கும், டேங்கில் நுரையும் இருக்கும். பின்னதற்குக் காரணம் பெரும்பாலும் சக்ஷன் பக்கத்தில் விறைத்துப்போன ஓ-ரிங் அல்லது தளர்ந்த கிளாம்ப்.

கோளாறு எல்லாச் சிலிண்டரிலும் இல்லாமல் ஒன்றில் மட்டும் என்றால் பம்பையும் ஆயிலையும் விட்டுவிட்டு வால்வுக்கு வாருங்கள். கரண்டில் இயங்கும் சொலினாய்டு வால்வின் முனையிலுள்ள மேனுவல் பின்னை அழுத்துங்கள், அந்தச் சிலிண்டரின் பாதையில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு. வேலை செய்தால் குற்றவாளி கரண்ட், செய்யாவிட்டால் ஸ்பூல் (வால்வுக்குள் நகர்ந்து ஆயிலைத் திருப்பும் தண்டு). கரண்ட் என்றால் காயிலைவிட எர்த் வயரையும் கனெக்டரையும் முதலில் பாருங்கள். குளிர்ந்த காயிலில் ரெசிஸ்டன்ஸ் குறைவதால் அது குளிரில் இன்னும் நன்றாகவே இழுக்கும், சூட்டில்தான் படுக்கும். பிளக்கைக் கழற்றி வோல்ட் பார்ப்பது வீண், மாட்டியபடியே லோடில் பார்க்க வேண்டும்.

ஸ்பூல் ஒட்டுகிறது என்றால் ஃபில்டரைத் திட்டலாம். தடித்த ஆயில், ஃபில்டரைச் சுற்றிப் போகும் பைபாஸைத் திறந்துவிடுவதால் காலை முழுக்க மரத்தூளும் துகளும் வடிகட்டப்படாமல் சுற்றுகின்றன. மெல்லிய ஆயிலுக்கு நான் ஓட்டுப் போட இதுவும் ஒரு காரணம்.

எதைக் கழற்றுவதற்கு முன்பும் பூமைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை விடுவியுங்கள். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஓ-ரிங் மாற்றும்போது, விலை கூடியது என்பதற்காக விட்டான் ரப்பர் போடாதீர்கள். சாதாரண விட்டான் மைனஸ் 20-க்கு முன்பே விறைக்கத் தொடங்கும், மலிவான நைட்ரைல் ரப்பர் அதைவிடக் குளிர் தாங்கும்.